பழவேற்காட்டு ஏரியில் ஒரு பாடு

(மீஞ்சூரில் ஆதரவாளர்கள் கூடியபோது மனநல ஊழியக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் எங்கே போனாலும் உங்களில் பலர் அன்போடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்த வருஷம் எத்தனை கண் ஆபரேஷன், எத்தனை பிரசவம்? அதற்கெல்லாம் ரிஜிஸ்தர் இருக்கிறது, பார்த்துச் சொல்லிவிடலாம். இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்திருப்பது ரிஜிஸ்தரில் அத்தனை சுலபமாக ஏறாத ஒரு வேலை. மனம் நோய்ப்பட்டவர்களை அவர்கள் ஊரிலேயே வைத்து, அவர்கள் ஜனங்களைக் கொண்டே குணமாக்கப் பார்க்கிற வேலை. இதில் நாங்கள் செய்த பிழைகளையும் சேர்த்தே சொல்லப்போகிறோம். பணம் கொடுக்கிறவர்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறோம்.

மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு அப்படியொன்றும் தூரமில்லை. பொன்னேரி போய் பஸ் ஏறினால் காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவே போய்ச் சேர்ந்துவிடலாம். சென்னை மாநகரம் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் பஸ் நிற்கிற இடத்தில் எங்கள் பயணம் முடிவதில்லை. அதற்கப்புறம் மணலும் தண்ணீரும்தான். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி இது. அதிலும் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம்தான் நம்முடையது. தமிழ்நாட்டின் வடகோடி என்றால் இதுதான். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவே குப்பங்கள். போர்ச்சுகீசியர் வந்தார்கள், அவர்களுக்குப் பின் டச்சுக்காரர் வந்து கோட்டை கட்டி வாழ்ந்து அங்கேயே புதைந்தும் போனார்கள். கல்லறைகள் இன்னும் நிற்கின்றன. அவைகளையும் பூநாரைகளையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரார் வருகிறார்கள். அவர்கள் எந்த வீட்டுக்குப் பின்புறமும் போய்ப் பார்க்கிறதில்லை.

நாங்கள் போய்ப் பார்த்தோம். ஊர் பெயரும் ஆள் பெயரும் சொல்லமாட்டோம். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியே சொல்லுகிறோம். வீட்டின் பின்புறம் சமையல் சாய்ப்பை ஒட்டி ஒரு பூவரச மரம். அதில் ஒரு வாலிபன், வயது இருபத்துநான்கு, வலைக்குப் போடுகிற நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தான். காலில் கயிறு அறுத்த புண். ரத்த அழுத்தம் பார்க்கத்தான் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். எங்கள் நர்ஸ் அதைக் கண்டதும் அவன் தாயாரைப் பார்த்து, "பெத்த புள்ளைய இப்படிக் கட்டி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு மனசு வருதாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "அவுத்து வுட்டா தண்ணிக்குப் போயிடுறான் சிஸ்டர். ரெண்டு வாட்டி இழுத்தாந்தோம். நான் மீன் வித்துட்டு வர வரைக்கும் எவ பாத்துக்குவா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஊருக்குள் திரும்பி வரும்போது படகில் ஒருவரும் பேசவில்லை. மனிதனைச் சங்கிலியாலோ கயிற்றாலோ கட்டி வைக்கலாகாது என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் திட்டமாகச் சொல்லுகிறது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள் என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கட்டுவது தவறு என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தத் தாயார் கட்டியது வெறுப்பினால் அல்ல. பிள்ளையை உயிரோடு வைத்திருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் கயிறு. அதை அவிழ்க்கச் சொல்லுகிறவர்கள் அந்த இடத்தில் வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும்.

"கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுபோனால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். 1794-ல் தொடங்கிய பழமையான ஆஸ்பத்திரி அது, நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்து இலவசம். ஆனால் நம் பாஷையிலே "கீழ்ப்பாக்கம்" என்பது ஓர் ஊரின் பெயராகவா இருக்கிறது? பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒருவரையொருவர் திட்டுகிற வார்த்தை அல்லவா அது! ஒரு குப்பத்திலிருந்து ஒருவனைக் கீழ்ப்பாக்கம் கொண்டுபோனார்கள் என்றால் அவன் தங்கைக்கு மாப்பிள்ளை வருகிறது நின்றுபோகும். போகவர ஒரு நாள். அந்த நாள் தகப்பனுக்கும் தாய்க்கும் வருமானம் இல்லை. இரண்டு தரம் போவார்கள், மூன்றாம் தரம் போகமாட்டார்கள். மருந்து நின்றுவிடும். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி நூறு பெரியவர்களில் ஏறத்தாழ பத்துப்பதினொரு பேருக்கு ஏதாவதொரு மனநோய் இருந்தது. நோய்க்கு நோய் வித்தியாசம் உண்டென்றாலும், அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் முதல் தொண்ணூறு பேருக்கு மேல் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். சிகிச்சை உலகத்தில் இல்லாமலில்லை. அது இருக்கிற இடம் வேறு, இவர்கள் இருக்கிற இடம் வேறு.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் நாங்கள் அல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர் என்பவர் நோயாளியின் குடும்பத்தாரையும் வரவழைத்து, வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூரில் பாகாயத்தில் 1957-ல் டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் தொடங்கிய மனநல மையத்தில் இன்றைக்கும் குடும்பத்தார் ஒருவராவது கூடவே தங்கிப் பராமரிக்கிறார்கள். சோறு வடித்துக் கொடுப்பதும், மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், டாக்டரிடம் கற்றுக்கொள்வதும் அவர்கள்தான். மேல்நாடுகளில் அந்தக் காலத்தில் குடும்பத்தை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். இங்கே உள்ளே கூப்பிட்டார்கள்.

அடுத்த படி, ஆஸ்பத்திரியே ஊருக்குப் போவது. கர்நாடகத்தில் பெல்லாரி மாவட்டத்தில் நிமான்ஸ் 1980-களில் அதைச் செய்து காட்டியது. அந்த மாதிரியை வைத்தே 1996-ல் 4 மாவட்டங்களில் அரசின் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. நமக்கு இன்னும் பக்கத்திலே ஒரு சாட்சி இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984-ல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ப் நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து காஞ்சிபுரம், கோவா, சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மனச்சிதைவு நோயுள்ள 282 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியாருக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதோடுகூட, பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துவந்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. தொண்டர்கள் போன வீடுகளில் பலன் ஓரளவு கூடுதல். அதுவும் நம் காஞ்சிபுரத்தில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. அந்தத் தொண்டர்கள் டாக்டர்களல்ல. பக்கத்து வீட்டு அக்காமார், தம்பிமார் போன்றவர்கள்.

ஆகவே நாங்களும் மாதம் ஒரு தரம் குப்பங்களுக்குப் போகத் தொடங்கினோம். போன உடனே ஒரு பிழை செய்தோம்.

அந்த வாலிபனின் கையிலும் இடுப்பிலும் தாயத்து நாலைந்து இருந்தது. கழுத்தில் மாதா சுரூபம். தாயார் எல்லா இடத்துக்கும் போயிருக்கிறார்: அம்மன் கோவிலில் வேப்பிலை அடித்தார்கள், தர்காவில் ஓதி ஊதினார்கள், கோவிலடித் திண்ணையில் நாற்பது நாள் படுக்கவைத்தார்கள், ஒரு ஜெபக்கூட்டத்திலும் கைவைத்து ஜெபித்தார்கள். எங்களில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "இதெல்லாம் மூடநம்பிக்கை, கழற்றிப் போட்டுவிட்டு மாத்திரையைக் கொடுங்கள்" என்று சொன்னார். தாயார் தலையை ஆட்டினார். அடுத்த மாதம் நாங்கள் போனபோது வீடு பூட்டிக்கிடந்தது. அதற்கடுத்த மாதமும் பூட்டு. மாத்திரைக் கவர் கூரையில் செருகியபடியே இருந்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

இந்த இடத்தில் தூரதேசத்துக் காரியம் ஒன்றைச் சொல்லவேண்டும். நியூசிலாந்தில் மாவோரி என்ற பூர்வீக ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்றொரு நர்ஸ் இருந்தார். 1980-களின் கடைசியில் அவரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு புதிய எண்ணத்தை நர்ஸ் பயிற்சிக்குள் கொண்டுவந்தார்கள்; 1992-ல் அது பாடத்திட்டத்திலேயே சேர்ந்தது. அதன் சாரம் இது: சிகிச்சை ஒருவருக்குப் பத்திரமாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லவேண்டியவர் கொடுக்கிற நர்ஸ் அல்ல, வாங்கிக்கொள்கிறவர். அவருடைய பாஷை, குலம், வழிபாடு இவைகளைக் குறைத்துப் பேசினால், மருந்து எத்தனை நல்லதாயிருந்தாலும் அவருக்கு அது பத்திரமான இடமல்ல, வராமல் நின்றுவிடுவார். கனடாவின் வடகோடியில் பனிப்பிரதேசத்து இனுயிட் ஜனங்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1950-களில் காசநோய் கண்டவர்களைக் கப்பலில் ஏற்றித் தெற்கே தூரத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார்கள். வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள், சிலர் திரும்பவேயில்லை, எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியாது. கொண்டுபோனவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுபோனார்கள்.

பூட்டிய வீட்டைப் பார்த்தபோது எங்களுக்கு விளங்கியது, நாங்கள் அந்த அம்மாவைச் சின்னப்படுத்திவிட்டோம் என்று. பிள்ளைக்காக அவர் ஏறி இறங்கிய படிகள் எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் வீண் என்று சொல்லிவிட்டோம். அவர் மீன் விற்கிற சந்தைக்கே போய், கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டோம். "கும்புடாதேன்னு சொல்ல மாட்டீங்கல்ல?" என்று கேட்டார். மாட்டோம் என்றோம். தாயத்து இருக்கட்டும், கோவிலுக்குப் போகட்டும், மாத்திரையும் தவறாமல் இருக்கட்டும் என்று பேசி முடித்தோம்.

சபையாரில் சிலருக்கு இது மனக்கஷ்டமாயிருக்கலாம். ஒரு மூத்த ஆதரவாளர் எங்களுக்குக் கடிதமே எழுதினார்: நீங்கள் போகிற குப்பங்களில் எத்தனை பேர் விசுவாசிகளானார்கள் என்று. அவருக்கு எழுதிய பதிலையே இங்கேயும் சொல்லுகிறோம். மருந்துப் பெட்டியோடு துண்டுப் பிரசுரம் எடுத்துப்போகிறதில்லை. புத்தி கலங்கி நிற்கிறவனிடத்திலும், அவனைக் கட்டிப்போட்டுவிட்டு அழுகிற தாயினிடத்திலும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு மார்க்கம் பேசுவது நியாயமல்ல. யாராவது எங்களோடு ஜெபிக்கக் கேட்டால் ஜெபிக்கிறோம். பேய் பிடித்தது என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்லுகிற ஜெபக்கூட்டங்களும் உண்டு, நம் சபைகளைச் சேர்ந்தவர்களே நடத்துகிறவை. தர்காவிலும் கோவிலிலும் உள்ளவர்களிடம் நாங்கள் கேட்டதையே நம்மவர்களிடமும் கேட்கிறோம்: ஜெபியுங்கள், மாத்திரையை மாத்திரம் நிறுத்தச் சொல்லாதிருங்கள். தர்காவில் ஓதுகிற பெரியவர் எங்களுக்கு இப்போது ஆள் அனுப்பிவைக்கிறார். நம்மவர்களிடமிருந்து இன்னும் ஒருவரும் வரவில்லை.

வார்த்தைகளையும் மாற்றவேண்டியிருந்தது. "மனநல முகாம்" என்று துணியில் எழுதிக் கட்டினால் ஈ காக்கை வராது. மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. பிரஷர், சுகர், வலிப்பு, தூக்கமின்மை என்று எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை. யார் எதற்காக நிற்கிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. பெண்கள் "மனசு சரியில்லை" என்று தொடங்குகிறதே இல்லை. நெஞ்சு படபடப்பு, கைகால் குடைச்சல், உச்சந்தலையில் எரிச்சல் என்பார்கள். பத்து நிமிஷம் பேசவிட்டால், 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் அலை வந்தபோது கையிலிருந்து நழுவிய பிள்ளையைப் பற்றிச் சொல்லுவார்கள். இத்தனை வருஷத்துக்குப் பின்னும் அலைச்சத்தம் கூடுகிற இரவில் தூங்காதவர்கள் இருக்கிறார்கள். ஆண்கள் "நரம்புத் தளர்ச்சி" என்பார்கள். நாங்கள் திருத்துகிறதில்லை. அவர்கள் சொல்லுகிற வார்த்தையையே சீட்டிலும் எழுதிக்கொள்கிறோம். நோயின் டாக்டர் பெயர் எங்கள் நோட்டில் இருந்தால் போதும்.

மருந்திலேயும் ஏரியும் கடலும் குறுக்கே வந்தன. இதை எங்கள் டாக்டருக்கு மீனவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். குளோர்ப்ரோமசின் என்ற பழைய மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் அதைச் சாப்பிடுகிறவருக்கு வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். திறந்த படகில் நிழலுக்கு எங்கே போவது? லித்தியம் சாப்பிடுகிறவர் நாளெல்லாம் வேர்த்து, தண்ணீர் குடிக்காமலிருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகும். சில ஊசி மாத்திரைகளால் விரல் விறைக்கும், கை நடுங்கும். வலை பின்னுகிறவனுக்கு விரல்தானே எல்லாம்! "ராத்திரி ஒன்பது மணிக்கு" என்று சீட்டில் எழுதிக்கொடுத்தோம். விடியாத இரண்டு மணிக்குப் படகு இறக்குகிறவன் அதைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் நடுத்தண்ணீரில் நின்றால் என்ன ஆகும்? அவர்கள் சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு மாத்திரையை ஏரியில் போட்டார்கள். இப்போது முதலில் தொழிலுக்குப் போகும் நேரத்தைக் கேட்கிறோம், பிறகுதான் மாத்திரை நேரம். சிலருக்கு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ ஊசி போதும்; அந்த ஊசி எங்கள் படகு வருகிற நாளோடு ஒத்துப்போகிறது. வலிப்பு உள்ளவர்களை மருந்து சரியாகப் பிடிக்கும்வரை படகில் ஏற்றவேண்டாம் என்று கூட்டாளிகளிடமே சொல்லிவைக்கிறோம். கரையில் வரும் வலிப்புக்கும் தண்ணீரில் வரும் வலிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கு நாங்கள் விளக்கவேண்டியதில்லை.

குடியைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் இந்த உரை முழுமையாகாது. வருஷக்கணக்கில் அதிகமாகக் குடித்துவந்தவர் ஒரு நாள் மாலை போட்டுக்கொள்கிறார், அல்லது ஒரு கூட்டத்தில் பொருத்தனை செய்கிறார், குடியைத் திடீரென்று நிறுத்துகிறார். வீட்டார் சந்தோஷப்படுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் உடம்பு உதறுகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், செத்துப்போன தகப்பன் வாசலில் நிற்கிறான் என்கிறார். "காத்து அடித்துவிட்டது" என்று மந்திரிக்கக் கொண்டுபோகிறார்கள். இது காத்தும் அல்ல, கருப்பும் அல்ல. குடி நின்றதால் வருகிற கடுமையான நோய், உயிர்கூடப் போகும். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தயமின் ஊசியும் மற்ற மருந்தும் கொடுக்கவேண்டும். தயவுசெய்து உங்கள் சபைகளிலும் இதைச் சொல்லுங்கள். குடியை விடச் சொல்லுகிறவர்கள் அந்த முதல் வாரத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அந்த வாலிபனிடத்துக்கு வருவோம். தாயாரோடு சமாதானமான பிறகு மருந்து ஒழுங்காக நடந்தது. மூன்றாம் மாதம் கயிறு அவிழ்ந்தது. ஐந்தாம் மாதம் ஏலக் கொட்டகைக்கு அவனே நடந்து வந்தான். எங்களுக்கு ஒரே சந்தோஷம். அப்போதுதான் எங்கள் வண்டி பழுதானது. கூடவே கார்த்திகை மழை. பாதை தண்ணீரில் கிடந்தது. இந்த மாதம் விட்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினோம். அடுத்த மாதமும் போகவில்லை. இரண்டு மாதம் அவனுக்கு ஊசி இல்லை. மூன்றாம் மாதம் நாங்கள் போய் இறங்கினபோது தாயார் எங்களைத் திட்டக்கூட இல்லை. "பதினோரு நாளாச்சி சிஸ்டர், காணோம்" என்றார்.

ஏரியில் தேடியிருந்தார்கள். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமும் தேடியிருந்தார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. எங்களுக்குத் தோன்றாத ஒன்று மீன் விற்கிற பெண்களுக்குத் தோன்றியது. அவர்கள் கூடை தூக்கிக்கொண்டு தினமும் ரயிலில் போகிறவர்கள். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டை என்று எந்த ஸ்டேஷனிலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். ஒருத்தி மற்றவளிடம் சொல்ல, அவள் இன்னொருத்தியிடம் சொல்ல, கூடூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தாடியோடு படுத்திருந்தவனை ஓர் அம்மாள் கண்டுபிடித்து, டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஆள் வரும்வரை அவனை எழுந்திருக்கவிடவில்லை. அன்றைக்கு அவள் கூடையில் இருந்த மீன் அத்தனையும் கெட்டுப்போனது. அதற்கு ஈடு கொடுக்க நாங்கள் போனோம். வாங்கவில்லை. "எங்கூட்டுப் புள்ள தானே" என்றாள். அவள் வேறு குப்பம், வேறு ஜாதியும்கூட.

அந்தப் பெண்களில் நால்வர் இப்போது எங்கள் தொண்டர்கள். எழுதப்படிக்க இருவருக்குத்தான் தெரியும். யார் வீட்டில் யார் மூன்று நாளாகத் தூங்கவில்லை, யார் மாத்திரையை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் எங்கள் ரிஜிஸ்தருக்கு வருகிறதற்கு ஒரு வாரம் முன்னதாகவே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வண்டி போகாத மாதத்திலும் மருந்து போகும்படி, ஒரு மாத மருந்து கூடுதலாக அவர்களிடத்தில் பூட்டிய டப்பாவில் இருக்கிறது. ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்துச் சகோதரி போட்டுவிடச் சம்மதித்திருக்கிறார். அந்த இரண்டு மாதங்களுக்கு முன்பே இதைச் செய்திருக்கவேண்டும். செய்யவில்லை.

இனி, தலைப்பிலே வைத்த வார்த்தை. நமக்குப் பாடு என்றால் சிலுவைப் பாடுதான் நினைவுக்கு வரும். ஏரிக்கரையில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். ஏரியில் இறால் வலை கட்டுகிற நல்ல இடங்கள் சிலவே உண்டு. அவைகளுக்காகச் சண்டை வராதபடி முன்னோர்கள் முறை வைத்திருக்கிறார்கள்; இன்ன நாள் இன்னார் இந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது ஊர்க் கணக்கு. அதுதான் பாடு. கணக்கில் பெயர் இருந்தால்தான் ஆள். பெயர் இல்லாதவன் கரையில் நின்று மற்றவர்கள் வலை இழுப்பதைப் பார்க்கவேண்டியதுதான். முகத்துவாரம் மணல் தூர்ந்து, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் வந்து, மீன்பாடு குறைந்துவிட்டது என்று எல்லாக் குப்பத்தாரும் சொல்லுகிற இந்தக் காலத்திலே பாட்டில் ஒரு முறை என்பது சின்னக் காரியமல்ல.

நம் வாலிபனின் பெயர் நோயிலே விட்டுப்போயிருந்தது. மருந்தால் குரல்கள் நின்றன, தூக்கம் வந்தது, சாப்பிட்டான், குளித்தான். டாக்டர் நோட்டில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினார். தாயார் மட்டும் சந்தோஷப்படவில்லை. ஏன் என்று கேட்டோம். "தின்னுட்டுத் தின்னுட்டுத் திண்ணைல குந்தியிருக்கிறான். இதுக்குப் பேரு நல்லாயிடிச்சா?" என்றார்.

பஞ்சாயத்தார் கூடுகிற அன்றைக்கு அனுமதி கேட்டு நாங்களும் போனோம். வெளியார் அங்கே பேச வழக்கமில்லை. திண்ணை ஓரத்தில் உட்காரவிட்டார்கள். தாயாரின் அண்ணன் எழுந்து பேசினார். எதிர்ப்பு இருந்தது. நடுத்தண்ணீரில் அவனுக்குப் புத்தி மாறினால் கூட இருக்கிறவன் கதி என்ன என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டரைப் பார்த்தார்கள். மாறாது என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. ஊசி தவறாமலிருந்தால் மாறுகிறது அபூர்வம். மாறுவதற்கு முன்பு தூக்கம் கெடும், தனியாகப் பேசுவான், அதைக் கண்டால் அந்த வாரம் ஏற்றாதீர்கள் என்று சொன்னார். மூத்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "இந்த வருஷம் மாமன் கூடப் போவட்டும். ஊசி போட்டுக்கிட்டேன்னு சிஸ்டர் சீட்டு குடுக்கணும். அடுத்த வருஷம் அவன் பேர்லயே எழுதலாம்" என்றார்.

ஊசிச் சீட்டுக்கு ஊர்க் கணக்கில் இடம் கிடைத்தது அப்படித்தான். அதைப் போட்டால்தான் பாடு என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமும் உண்டு. ஒருவன் வியாதி ஊர்ச் சொத்தாகலாமா என்று எங்களுக்குள் தர்க்கம் நடந்தது. அவனிடமே கேட்டோம். அவன் சிரித்துவிட்டு, "ஊருக்குத் தெரியாம என்னா இருக்குது சார்" என்றான்.

இந்த வேலைக்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய கட்டிடம் வேண்டாம். அரசாங்கத்தின் மாவட்ட மனநலத் திட்டத்தில் மருந்து இலவசம். ஊனச் சான்று பெற்றவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. 2022 முதல் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். இவைகளை நாங்கள் இன்னொரு தரம் செய்யவேண்டியதில்லை. அந்த ஜனங்களை அவைகளோடு சேர்த்துவிடவேண்டும். அதற்கு ஆகிற செலவு படகு வாடகை, டீசல், தொண்டர்களின் சிறு சம்பளம், சான்று வாங்க அலைகிற பஸ் கட்டணம் இவ்வளவுதான். ஒரு நபர் ஒரே தரம் பெரிய தொகை கொடுப்பதைவிட, நூறு பேர் மாதாமாதம் கொடுக்கிற சிறு தொகை எங்களுக்கு அதிகம் உதவும். ஏனென்று இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும். மருந்து இரண்டு மாதம் நின்றதில் என்ன நடந்தது என்று சொன்னோம்.

வருகிற புதன்கிழமை மறுபடியும் போகிறோம். புதிதாக மூவர் பெயரைத் தொண்டர்கள் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருவர் பிள்ளை பெற்று இருபது நாளான தாய். குழந்தையைத் தூக்கமாட்டேன் என்கிறாராம். அவருக்காகச் சிறப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் வாலிபனைப் பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. புதன்கிழமை அவர்கள் பாட்டு நாள். ஊசியைச் செவ்வாய்க்கிழமையே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறான்.